ஐந்தாவது மனு

முதல் மனு, ஓரத்தில் இடம் விடவில்லை என்று திரும்பி வந்தது.

இரண்டாவது, பக்க எண் போடவில்லை என்று.

மூன்றாவது, கையெழுத்துகளுக்கு எதிரே கதவு எண் இல்லை என்று.

நான்காவதில் எந்தக் கோரிக்கை எந்தத் துறைக்கு என்று குறிப்பிடவில்லையாம். அதுவும் திரும்பி வந்தது.

நான்கையும் திருப்பியது ஒரே ஆள். நகராட்சியில் மனு வாங்கும் குமாஸ்தா. நாங்கள் வைத்த பெயர் முத்திரை. 'திருப்பி அனுப்பப்படுகிறது' என்ற ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்துவார். பிறகு கண்ணாடிக்கு மேலாக நம்மை ஒரு பார்வை. அவ்வளவுதான்.

முப்பது வருடம் ஊர்வலம் போனவன் நான். தடியடி பட்டவன். துண்டுப் பிரசுரங்களைப் படித்தே சட்டம் கற்றவன். போலீஸ் வேனுக்கு அசையாதவனை ஒரு ரப்பர் கட்டை நான்கு முறை சாய்த்துவிட்டது.

ஐந்தாவதை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது அம்சத் திட்டம். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஓய்வறை, மாதம் ஒருமுறை வார்டு மக்கள் சபை, வேலை முடிந்து வருகிறவர்களுக்கும் திறந்திருக்கும் நூலகம் என்று நீளும். ஆனால் முதல் அம்சம்தான் உயிர். பழைய பஸ் ஷெட் நிலத்தை ஏலம் விடாதே. வீடு தேடி அலைகிறவர்களுக்கு அங்கே குறைந்த வாடகையில் வீடு கட்டு.

ஏலத்துக்கு இன்னும் பத்து நாள். வார்டில் குடியிருக்கும் இருநூறு பேர் கையெழுத்திட்ட மனுவை மன்றம் ஏற்றால், விவாதம் முடியும்வரை ஏலம் நிற்கும்.

கதவு கதவாகத் தட்டினேன். நகராட்சி ஊழியர் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. போடக் கூடாது என்று சட்டம் இல்லை. போட்டால் மறுநாளே மாற்றல் வரும் என்ற பயம். அடிமைகள் என்று திட்டிவிட்டு அவர்கள் வீட்டுக் கதவுகளைத் தட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

முத்திரை பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"சரியா இருநூறுதானா?"

"சட்டம் இருநூறுதானே சார் கேக்குது? புதுசா ஏதாவது கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஏழு நாள் இது கவுண்டர்ல இருக்கும். இன்னும் யாராவது வந்து போடலாம்."

"வேண்டாம் சார். எங்களுக்கு எண்ணத் தெரியும்."

அவர் ரப்பர் கட்டையைத் தொடவில்லை. எனக்கு வெற்றிக் களிப்பு தாங்கவில்லை.

எட்டாம் நாள் மன்றக் கூடம் பிதுங்கியது. இஸ்திரி போடும் அக்கா பெட்டியை அணைத்துவிட்டு ஓடி வந்திருந்தார். நான்கு வருடத்தில் மூன்று வீடு மாறியவர். நாலாவது வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

"இன்னைக்கும் முத்திரை குத்தினாருன்னு வைங்க, அந்தக் கட்டையப் புடுங்கி அவரு நெத்தியிலயே ஒண்ணு குத்திடுவேன் தோழர்!"

நகராட்சி வக்கீல் எழுந்தார்.

"முறைப்படி ஓரம் விட்டிருக்கா?"

முத்திரை மனுவைத் தூக்கிக் காட்டினார். "விட்டிருக்கு சார்."

"பக்க எண்?"

"இருக்கு."

"கதவு எண்?"

"ஒவ்வொரு கையெழுத்துக்கும் இருக்கு."

"எந்தத் துறைன்னு?"

"ஒன்பதுக்கும் போட்டிருக்கு."

கூடம் கைதட்டியது. நான்கு கேள்விகளும் எங்கோ கேட்டவைபோல் உறுத்தின. யோசிக்க நேரமில்லை. நானும் தட்டினேன்.

வக்கீல் ஒரு தாளை எடுத்தார். "நூத்திப் பதினாலாவது கையெழுத்து, தையல்காரர். போன மாசமே பக்கத்து வார்டுக்குக் குடி போயிட்டார். செல்லாது."

கைதட்டல் பாதியில் நின்றது.

"அப்போ நூத்தித் தொண்ணூத்தொன்பதா?" அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். எண்ணத் தெரிந்த நான் தலையை ஆட்டினேன்.

மன்றத் தலைவி மேசையைத் தட்டினார். "இருநூறு இல்ல. அதனால இந்த மனு..."

"இருக்கு மேடம்."

முத்திரை எழுந்து நின்றார்.

"கவுண்டர்ல இருந்த ஏழு நாள்ல ஒருத்தர் வந்து போட்டிருக்கார். கடைசிப் பக்கம். கதவு எண் இருக்கு. நம்ம வார்டுதான்."

எனக்கு உயிர் வந்தது. கூடத்தில் விசில் பறந்தது.

வக்கீல் விடவில்லை. "புதுசா சேர்ந்த பேரை ரெண்டு சாட்சி முன்னால படிக்கணும். அந்த ஆளும் எழுந்து நிக்கணும். விதி இருக்கு."

"நாங்க சாட்சி!" என்று அக்காவும் நானும் முன்னால் ஓடினோம்.

முத்திரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பெயரை வாசித்தார். கணீரென்று கேட்டது.

நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா பார்த்தார். ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். யாரும் எழவில்லை.

"யாரு தோழர் அது? உங்களுக்குத் தெரியாத ஆளா நம்ம வார்டுல?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

வக்கீல் சிரித்தார். "ஆள் வந்திருந்தா எழுந்து நிக்கச் சொல்லுங்க பாப்போம்!"

"நின்னுக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றார் முத்திரை. பிறகு எங்கள் இருவர் பக்கமும் திரும்பி, தன் பெயரை இன்னொரு முறை நிறுத்தி வாசித்தார்.