தம்பியின் லோடு

தார்ப்பாய் மூடிய லாரியில் தம்பி பட்டாபி மறுபடியும் விறகு ஏற்றிக்கொண்டு போனான். அதைப் பார்த்த கோதண்டராமனுக்குக் காப்பி இறங்கவில்லை.

“மரக்கட்டையை எரிச்சு கரன்ட் எடுக்கிற கம்பெனிக்குப் போவுதாம். பாகம் பிரிக்கிறப்போ ஒண்ணுத்துக்கும் ஆவாத முள்ளுக்காட்டை அவன் தலையில கட்டினேன். இப்ப அதையே வெட்டி வெட்டி லோடு அனுப்புறான், அவனுக்கு யோகத்தைப் பாரு!”

“உன் வயித்தெரிச்சல்லயே ஊருக்கெல்லாம் கரன்ட் எடுக்கலாம்யா” என்றாள் மனைவி சாரதாம்பாள்.

அன்று மாலையே தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார்.

“பட்டாபி, உன் முள்ளுக்காட்டை எனக்கு எழுதிக் குடுத்துடு. என் சவுக்குத்தோப்பை நீ எடுத்துக்கோ.”

“இன்னாண்ணா சொல்ற? நல்லா யோசிச்சுக்கோ.”

“பாத்தியா, உனக்கு வுட மனசு வரல!”

ஒரே வாரத்தில் பத்திரப்பதிவு முடிந்தது.

மறுநாள் வெட்டுக்கத்தியும் ஆட்களுமாக, சாலையோரப் புதரைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்த கோதண்டராமன் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே உப்பு மண்ணில் முழங்கால் உயரத்துக்கு முள்செடிகள் மட்டும் இருந்தன. ஒரு மரத்தைக்கூட வெட்டிய அடையாளம் இல்லை.

சாலையில் தம்பியின் லாரி லோடோடு வந்தது. ஓடிப்போய் மறித்தார்.

“டேய், இவ்ளோ கட்டையை எங்கேர்ந்துடா வெட்டின?”

“நான் எங்கண்ணா வெட்டினேன்? தோப்புல சவுக்கு வெட்டினப்புறம் கிடந்த அடிக்கட்டை, சுள்ளியெல்லாம் குப்பை, வாரிக்கினு போடான்னு நீதான கூலி குடுத்து அனுப்பின?”

வண்டியைக் கிளப்பிய பட்டாபி ஆறுதலாகச் சொன்னான்:

“இனிமே அந்தக் கூலியும் உனக்கு மிச்சம்ணா!”