கீழே பட்டறை, மேலே வீடு

ஏரிக்கரையில் நின்ற பட்டுப்போன தென்னையின் கீழ்ப்பாதியில் மரங்கொத்தி ஒன்று தச்சுப்பட்டறை வைத்திருந்தது. மேலே ஒரு பொந்தில் மைனா தன் குஞ்சுகளோடு குடியிருந்தது.

ஒருநாள் மைனா சண்டைக்கு வந்தது. "குடும்பங்கள் இருக்கிற இடத்துல பட்டறையா? நாள் முழுக்க டொக் டொக்குன்னு! பிள்ளைங்க தூங்க வேணாமா? வேற இடம் பாத்துக்கோ."

மரங்கொத்தி அன்றே அக்கரைக்குப் போய்விட்டது.

மரம் அமைதியானது. கீழே வேலை நடந்தவரை அந்தப் பக்கம் அண்டாத சாரைப்பாம்பு, நாலாம் நாள் மதியம் சரசரவென்று மேலே ஏறியது. மைனா அலறிய அலறல் அக்கரைக்கும் கேட்டது. மரங்கொத்தி பறந்து வந்து, பாம்பின் தலையில் கொத்திக் கொத்தி அதைக் கீழே தள்ளியது.

மைனா குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டது.

"மாமா, நீங்க ஏன் அவ்வளவு தூரத்துல இருக்கீங்க?" என்று குஞ்சு கேட்டது.

"அங்கேதான் வேலை அதிகம், கண்ணு" என்றது மரங்கொத்தி.

மைனா தலையைக் குனிந்துகொண்டது.

"இல்லடா" என்றது மெல்ல. "அம்மாதான் மாமாவை விரட்டினேன்."