வேகமாகப் போன குண்டு

மான் வேட்டைக்காக மரியதாஸ் தன் கையாலேயே இரண்டு தோட்டாக்கள் செய்தார். ஒன்றில் லேசான குண்டை வைத்து வெடிமருந்தைக் கூடுதலாக நிரப்பினார். மற்றதில் கனமான குண்டை வைத்து மருந்தை அளவாகப் போட்டார்.

இடுப்பு வாரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"என் வேகத்துக்கு உன்னால் வர முடியாது," என்றது லேசான குண்டு.

"முடியாதுதான்," என்றது கனமான குண்டு. "வழியில் எலும்பு குறுக்கே வந்தால் என்ன செய்வாய்?"

"அதற்குள் தாண்டிப் போய்விடுவேன்."

காட்டோரம் ஒரு கொம்பு மான் நின்றது. தூரம் அதிகம் என்று நினைத்து மரியதாஸ் லேசான குண்டைப் போட்டுச் சுட்டார். அது வேகமாகத்தான் போனது. ஆனால் தோள் எலும்பில் மோதி உடைந்து சதைக்குள் நின்றுவிட்டது. மான் நொண்டிக்கொண்டே ஓடியது.

"உள்ளே வந்தவனே, ஏன் பாதியில் நின்றுவிட்டாய்? வலி தாங்க முடியவில்லை," என்றது மான்.

"நான் எவ்வளவு வேகமாக வந்தேன், பார்த்தாயா?" என்றது குண்டு.

மான் தண்ணீரைத் தேடி ஓடைப் பக்கம் திரும்பியது.

ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மரியதாஸ் சாயங்காலம் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தார். மான் தண்ணீருக்குப் பக்கத்தில் படுத்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அவரால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கனமான குண்டைப் போட்டு நெஞ்சைக் குறிபார்த்துச் சுட்டார்.

"தாமதமாகிவிட்டது," என்றது உள்ளே நுழைந்த குண்டு.

"வந்தாயே, அது போதும்," என்று சொல்லி மான் கண்ணை மூடியது.