வெறுப்பில்லாத புள்ளிகள்

இளம்பரிதியின் கணினித் திரையில் சிவப்பும் நீலமுமாய்ப் புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பம். அக்கம்பக்கத்தில் தன் நிறத்தார் இரண்டு மூன்று பேராவது இல்லாவிட்டால் புள்ளி வீடு மாறும். அவர் எழுதிய விதி அவ்வளவுதான். அதில் வெறுப்பே இல்லை. ஆனாலும் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் ஊர் நிறவாரியாக இரண்டாகப் பிளந்தது.

நிலைகொள்ளாமல் வீடு திரும்பினார். மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜமீலாக்கா தங்கமானவங்கதான். ஆனா இந்தத் தெருவுல நம்மாளுங்க யாருமே இல்லியேங்க."

போக வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "வண்டிக்குச் சொல்லிட்டியா?" என்றுதான் வந்தது.

பெட்டி தூக்க உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு ஜமீலா, "ஏன் தம்பி காலி பண்றீங்க?" என்றார்.

"தண்ணி சரியில்லக்கா."

"நாங்களும் அதே தண்ணியத்தான குடிக்கிறோம்?"

பெட்டியின் மறுமுனையை ஜமீலா இன்னும் விடவில்லை.