குண்டுச் சத்தத்துக்குப் பிறகு

படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும், கழுத்தில் இஞ்ச் டேப்போடு தையல் கடையிலிருந்து நேராக வந்திருந்த ஒரு பெண் விருட்டென்று எழுந்தாள்.

"சந்துக்குள்ள ஓடுறான், டுமீல்னு சத்தம் கேக்குது, உடனே திரை இருட்டாயிடுது. அவன் செத்தானா, பொழச்சானா?"

மேடையில் நின்ற இயக்குநர் புன்னகைத்தார். போகிற இடமெல்லாம் இதே கேள்விதான்.

"அதை உங்க கற்பனைக்கே விட்டுட்டேம்மா."

அரங்கம் கைதட்டியது. அது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"என்னய்யா கற்பனை? தெரிஞ்சா தெரியும்னு சொல்லுங்க, இல்லேன்னா தெரியலைன்னு சொல்லுங்க!"

"முடிவு தெரியாததுதாம்மா இந்தப் படத்தோட அழகே."

"அழகா? உங்க ஆளுங்க என் வீட்டுல மூணு நாள் உக்காந்து, என் தம்பி கதையைக் கேட்டு எழுதிட்டுப் போனாங்க. அவன் அந்தச் சந்துக்குள்ள ஓடி ஆறு வருஷமாச்சு. போலீஸும் கையை விரிச்சிடுச்சு. இத்தனை பேர் அலைஞ்சு படம் எடுக்கிறீங்களே, அவன் என்ன ஆனான்னு விசாரிச்சிருப்பீங்கன்னு நம்பித்தான்யா வந்தேன்!"

இயக்குநர் தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மைக்கை அணைத்துவிட்டு, இயக்குநர் மேடையை விட்டு இறங்கி அவளருகே வந்தார்.

"தெரியலைம்மா. நாங்க யாரும் விசாரிக்கவே இல்ல."