கூம்பு நட்டு

கடை வாசலில் நின்ற காரின் வீல் நட்டைக் கழற்றிப் பார்த்ததுமே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கர்மம்! அலாய் வீலுக்குப் பழைய இரும்பு வீலோட நட்டைப் போட்டிருக்கான் பாரு மாப்ளே. ஓட்டை கூம்பா இருக்கு, நட்டு தட்டையா இருக்கு. எப்படிப் பொருந்தும்? ஓட்டையெல்லாம் தின்னுடுச்சு."

ஜாக்கியைப் பிடித்திருந்த தங்கை புருஷன் உச்சுக் கொட்டினான்.

கார்க்காரர் கடைப் பைகளோடு ஓடி வந்தார். "யாருங்க நீங்க? என் கார்ல என்ன பண்றீங்க?"

"உங்க காரா? வீல் லொடலொடன்னு ஆடுது, கண்ணு தெரியலையா? போற வழியில கழண்டிருந்தா என்ன ஆகும்? எந்தப் புண்ணியவான் மாட்டினது?"

"நான்தாங்க." கார்க்காரரின் குரல் உள்ளே போய்விட்டது.

"அதானே பார்த்தேன்! வீலைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. கூம்பு நட்டாப் பார்த்துப் போடுங்க. ஸ்பேனர் மேல ஏறி மிதிக்காம இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் வச்சு முடுக்குங்க. அப்புறம், தனிச் சாவி போட்டுத் திறக்கிற நட்டு மட்டும் வேண்டாம். வெட்டி தண்டம்."

நட்டுகளை அவரே முடுக்கிக் கொடுத்தார். கார்க்காரர் உருகிப்போனார். "அடுத்த வாரமே புதுசு மாட்டிக்கிட்டு இங்கதான் வருவேன். நீங்களே பார்த்துச் சொல்லணும்."

கார் ஊர்ந்து மறைந்தது. தங்கை புருஷன் காலிச் சாக்கை உதறினான்.

"என்ன மச்சான், ஒரு வீல்கூடத் தேறலையே?"

"அந்தக் குப்பையை எவன் வாங்குவான்? இவனுங்களாலதான் நம்ம தொழிலே நாசமாப் போகுது. அடுத்த வாரம் நல்லதா மாட்டிக்கிட்டு வரட்டும். நாலையும் கழட்டிக்கலாம்."