கிளவுஸ் போடாத கை

“கிளவுஸ் போடாமத் தொட்டிருக்கே, ரூபஸ். கை எண்ணெய் படலேன்னா ஒட்டின எடம் ஏன் பிரியுது?”

தொழிலாளிகள் அத்தனை பேர் எதிரிலும் கங்காதரன் கேட்டார். அவருடைய அம்பத்தூர் பட்டறை விமானத்துக்காகச் செய்த முதல் கார்பன் இழை பேனல் அது. இத்தாலியில் அதை வால்பகுதியோடு ஒட்டியபோது ஓர் இடத்தில் பசை பிடிக்கவில்லை.

“போட்டுகினுதான் சார் செஞ்சேன்.”

“எங்கப்பா பேர்ல நடக்கிற கம்பெனி இது. அந்தப் பேரைக் கெடுத்தவனுக்கு இங்க வேலையில்லை.”

ரூபஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுவாரம் மகள் ராதிகா வந்தாள். “இத்தாலியில சோதிச்சுப் பாத்துட்டாங்கப்பா. பிரிஞ்ச எடத்துல மஞ்சளும் செவப்புமா ஏதோ பொடி ஊறியிருக்காம். அது என்னன்னு கேக்கறாங்க.”

பெட்டியில் ஏற்றுமுன் அந்த பேனலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியவர் கங்காதரன்தான். துடைத்தும் விட்டிருந்தார். ரூபஸ் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

உடனே அவனுக்குப் போன் செய்தார். “நான் பொட்டு வெச்சதைப் பாத்தியே. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ரூபஸ்.”

“ஒரு கிறிஸ்தவன் வாயால அதைச் சொல்லியிருந்தா, நீங்க கேட்டுகினு இருந்திருப்பீங்களா சார்?”